அக்காவின் திருகாணி

நான் பெயிண்டை மாவாக அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். மாவைப் பீய்ச்சும் துப்பாக்கியின் மூக்கில் லட்சம் வோல்ட். அதைத் தொட்டு வரும் மாவு, கொக்கியில் தொங்கும் இரும்பில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கொக்கியைத் தினமும் சுரண்ட வேண்டும். பழைய பெயிண்ட் அப்பிக் கிடந்தால் மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் சாமானிலேயே குடியேறிவிடும்.

ஒரு மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். காதில் அவள் அக்காவிடம் இரவல் வாங்கிய தங்கக் கம்மல். சாயங்காலம் அக்கா வந்து வாங்கிப்போவதாக இருந்தது.

"ஏங்க, திருகாணி விழுந்துடுச்சு."

"எங்க?"

பித்தளைத் திருகும் வாஷரும் குவிந்த கம்பிக் கூடையைக் காட்டினாள். உள்ளே எல்லாமே மஞ்சள்.

"போச்சு. அக்கா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. ஒண்ணுக்கும் உதவாத ஆளைக் கட்டியிருக்கேன்னு ஏற்கெனவே சொல்றா."

"யாரைச் சொல்றா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அதற்கு மேல் சும்மா இருக்க முடியுமா? வேண்டுமென்றே சுரண்டாத கொக்கியாகப் பார்த்துக் கூடையை மாட்டினேன். மாவை நிறுத்தி மின்சாரத்தை மட்டும் விட்டேன்.

"செருப்பைக் கழட்டிட்டு அந்த இரும்புத் தகடு மேல நில்லு. கம்மலை அழுத்திப் பிடிச்சுக்கோ."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அக்கா கம்மலுக்கு ஒண்ணும் ஆகாது."

கூடையில் கிடந்த எல்லாவற்றுக்கும் ஒரே மின்சாரம் ஏறியதால் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. சொத்துப் பிரித்த அண்ணன் தம்பிகளைப் போல ஒரு சாண் இடைவெளி விட்டு, கூடைக்கு மேலே எழும்பி அந்தரத்தில் நின்றன. இருப்பதில் எடை குறைந்தது திருகாணி. தரைக்குப் போக வழி தேடிய அது, காதுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்மல் தண்டைப் பார்த்தது. நேராகப் பறந்து போய் உட்கார்ந்து, தானே திருகிக்கொண்டது.

"கொஞ்சம் கூசுது," என்றாள்.

மற்றவை புறப்படுவதற்குள் விசையை அணைத்தேன். சொல்லிவைத்தாற்போலக் கூடைக்குள் விழுந்தன.

தகட்டை விட்டு இறங்குமுன் அவள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். மிச்ச மின்சாரம் இறங்க வழியில்லாமல் அவளோடு வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நின்றாள் தங்கை.

"எங்கடி, கழட்டு பாப்போம்," என்று காதுப்பக்கம் கை நீட்டினாள் அக்கா. நீலமாக ஒரு பொறி. கையை உதறிவிட்டு மறுபடி நீட்டினாள். இந்த முறை பொறி கொஞ்சம் நீளம்.

"உனக்குத்தான்டி எடுப்பா இருக்கு. நீயே வெச்சுக்கோ."

அக்கா வரும் நாளில் இன்றும் என் மனைவி வீட்டுக்குள் ரப்பர் செருப்போடுதான் நடக்கிறாள்.