எட்டரையாவது லெவல்

1

“எத்தனாவது கண்ணு?”

காங்கேயம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மா என்னைக் கேட்டார். இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. நான் எட்டாவது தேறியவள், ஒன்பதாவதில் பாதி. பொங்கல் நோம்பிக்கு லீவு விட்டார்கள். எல்லோருக்கும் லீவு முடிந்தது, எனக்கு மட்டும் முடியவில்லை. ‘எட்டரையாவது’ என்று தமிழில் ஒரு சொல் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இல்லாததால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எனக்குக் காது கேட்காது என்று அந்த அம்மா முடிவு செய்து, தோளைத் தட்டிக்கொடுத்து, பாதிக் கொய்யாப்பழம் தந்தார். (தின்றேன்.)

ஆகவே, வாசகரே, நான் சொல்லாத பதிலைச் சொல்வதற்காக ஒரு பெண்ணை உண்டாக்கப் போகிறேன். பெயர் சாந்தாமணி.

2

முதல் தொடக்கம்: பெருந்துறையில் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியான—

(வேண்டாம். எல்லாக் கதையிலும் இதே வெயில்தான் அடிக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: சாந்தாமணியின் கண்கள்—

(நான் இதுவரை யாருடைய கண்களையும் நேராகப் பார்த்ததில்லை. கால்கள் என்றால் நன்றாக எழுதுவேன்.)

மூன்றாம் தொடக்கம்: 1997இல் பெருந்துறையில் சாந்தாமணியின் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

இது இருக்கட்டும். கம்ப்யூட்டர் அவளுக்காக வரவில்லை. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் அவள் அண்ணன் பூபதிக்காக வந்தது. பூபதி ஹாஸ்டலில் இருந்தான். கம்ப்யூட்டர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அப்பா நஞ்சப்பன் அதற்கு மஞ்சள் துணியில் உறை தைத்துப் போட்டார். அம்மா குங்குமம் வைத்தார். செருப்போடு யாரும் அதன் பக்கத்தில் போகக் கூடாது. நஞ்சப்பன் அதன் ஸ்விட்சை ஒரு நாளும் போட்டதில்லை. தினமும் துடைத்தார்.

3

பூபதி அதில் ஒரு விளையாட்டை ஏற்றியிருந்தான். கத்தி வைத்திருக்கும் ஒரு வீரன் குகைக்குள் நடப்பான். எதிரில் வருவதை அடித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி போதுமான அளவு சேர்ந்தால் அடுத்த லெவல். வீரனுக்கும் பூபதி என்றுதான் பெயர் வைத்திருந்தான்.

கணக்கு இதுதான். முதல் லெவலிலிருந்து இரண்டாவதுக்குப் போக நூறு புள்ளி. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இருநூறு. இப்படியே போனால் ஒன்பதாவதிலிருந்து பத்தாவதுக்குத் தொள்ளாயிரம். எலிக்கு ஐந்து புள்ளி*, எலும்புக்கூட்டுக்கு இருபது.

“ராட்சசன நான் அடிச்சுக்கறேன். எலி, எலும்புக்கூடெல்லாம் நீ அடிச்சு வெய்யி அம்மணி,” என்றான் பூபதி தங்கையிடம். “அடுத்த தடவ நான் வாரப்ப பத்தாவது லெவல்ல இருக்கோணும்.”

“அடிச்சா எனக்கு என்னங்ணா கெடைக்கும்?”

“அனுபவம்.”

“புள்ளி?”

“அது பூபதிக்கு.”

* எலிக்குப் புள்ளி என்பது ஒன்பதாவது லெவல் வரைதான். அதற்கு மேல் எத்தனை எலி அடித்தாலும் ஒன்றும் கிடையாது. சாந்தாமணி முதன்முதலாக ரசம் வைத்த அன்று வீடே புகழ்ந்தது. இப்போது ரசம் தானாகவே வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த விளையாட்டை எழுதியவர் எங்கள் பக்கத்தில் சில காலம் தங்கியிருக்க வேண்டும்.

(நான் இந்த விளையாட்டை எங்கே பார்த்தேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.)

ஒன்று மட்டும் சொல்கிறேன். தொள்ளாயிரத்தில் பாதியைச் சேர்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தால், மறுநாள் அந்தப் பாதி அப்படியே இருக்கும். யாரும் அழிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பாதி ஒன்பதாவது என்பது ஒன்றுமே இல்லை. சாந்தாமணிக்கும் இது தெரியும். அவளையும் எட்டரையில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் அவளுக்கு ஓர் ஆசை கொடுத்திருக்கிறேன். கோபியில் ஒரு டுடோரியல் இருக்கிறது. எட்டாவது தேறியவர்கள் அங்கே படித்து நேராகப் பத்தாவது பரீட்சை எழுதலாம். பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி. மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

அதே வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நாள் நல்ல நாள் என்று நஞ்சப்பன் சொன்னார்.

4

காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் ஆலை வைத்திருக்கும் சென்னியம்மாளும் அவர் மகனும் வந்தார்கள். (மாப்பிள்ளை: சுத்தமான, கவலையே இல்லாத கால்கள்.) தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பூபதியும் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தான்.

“வாங்க, வாங்க. செருப்ப அங்கியே உட்டுப்போடுங்க. கம்ப்யூட்டர் இருக்குதுங்க,” என்றார் நஞ்சப்பன்.

சென்னியம்மாள் மஞ்சள் உறையைத் தூக்கிப் பார்த்தார். “ஏனுங், இந்தப் பொட்டி பொண்ணோட வருங்களா?”

“அது பையனுதுங்க.”

“தப்பா நெனைக்காதீங்க. கேட்டு வெக்கறதுதானுங்களே.”

சாந்தாமணி காப்பித் தட்டோடு வந்தாள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சென்னியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“எத்தனாவது கண்ணு?”

(இங்கே என் பேனா நின்றுவிட்டது. இவள் என்னைப் போன்றவள். எப்படி வாயைத் திறப்பாள்? ஆனால் அன்று காலையில், பூபதி தூங்கிக்கொண்டிருந்தபோது, பதிமூன்றாவது லெவலிலிருந்து அடுத்ததற்குத் தேவையான ஆயிரத்து முந்நூறு புள்ளியையும் அவள் சேர்த்து முடித்திருந்தாள். இந்த ஒரு கேள்விக்கு அவளிடம் பாதியில் நிற்காத ஒரு பதில் இருந்தது.)

“பதினாலாவதுங்க,” என்றாள் சாந்தாமணி.

பள்ளிக்கூடம் பன்னிரண்டோடு முடிந்துவிடும் என்று சென்னியம்மாளுக்குத் தெரியும். அப்படியென்றால் இது வேறு கணக்கு.

“அப்ப எங்களுக்கு முன்னால பதிமூணு பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்கறாங்களாட்ட இருக்குது!”

“ஐயோ, இல்லீங்க! பொண்ணு பாக்க வந்த மொதோ ஒறம்பரையே நீங்கதானுங்க!” என்று நஞ்சப்பன் பதறினார்.

அவரைவிட வேகமாகப் பூபதி எழுந்தான். சந்தோஷத்தில் அவனுக்கு இடம் பொருள் தெரியவில்லை.

“பதினாலாவதா? பதிமூணாவது எப்ப அம்மணி முடிஞ்சுது?”

“இன்னிக்குக் காத்தாலதானுங்ணா.”

“எத்தன பேர அடிச்ச?”

“அறுபத்தஞ்சு பேருங்ணா.”

சென்னியம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

5

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: பூபதி விஷயத்தை விளக்குகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். கல்யாணம் நிச்சயமாகிறது. கம்ப்யூட்டரும் கூடவே காங்கேயம் போகிறது. (என் அம்மாவுக்கு இந்த முடிவு பிடிக்கும்.)

இரண்டு: மாப்பிள்ளை வீட்டார் போய்விடுகிறார்கள். நஞ்சப்பன் கம்ப்யூட்டர் உறையின் வாயைத் தைத்துவிடுகிறார். அதற்குள் பஸ்ஸும் போய்—

மூன்று: சாந்தாமணி நிமிர்ந்து நின்று பெண்கள் படிப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்கிறாள். நான்கு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். எங்கள் ஊரில் ‘ங்க’ போடாமல் பெரியவர்களிடம் பேச முடியாது. “எனக்குப் படிப்பு வேணுமுங்க, அடிமையா இருக்க மாட்டேனுங்க” என்று எழுதிப் பார்த்தேன். பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பது போல் இருந்தது.

அவள் தெரியாமல் ‘பதினாலாவது’ என்றாளா, தெரிந்தே சொன்னாளா? எழுதிய எனக்கே விளங்கவில்லை. அதனால் அவளையே கேட்பது என்று முடிவு செய்தேன். கூடத்தில் எல்லோரும் நான் விட்ட இடத்திலேயே இருந்தார்கள். சென்னியம்மாளின் பிடியில் மகனின் கை இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

“சாந்தாமணி, மூணு முடிவு இருக்குது. உனக்கு எத்தனாவது வேணும் கண்ணு?”

கேட்டு முடித்த பிறகுதான் நான் கேட்டது என்னவென்று எனக்கு உறைத்தது.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு காப்பித் தட்டைக் கம்ப்யூட்டரின் மஞ்சள் உறை மேலேயே வைத்தாள். நஞ்சப்பன் “ஏ!” என்றார். வாசலில் கிடந்த ஒறம்பரைச் செருப்புகளைத் தாண்டி, தன் செருப்பைப் போட்டுக்கொண்டாள். தெருமுனையில் கோபி பஸ் ஹாரன் அடித்தது.

எங்கள் பக்கத்தில், குப்பை கொட்டப் போகிறவர்கள்கூட “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார்கள். அவள் அதைக்கூடச் சொல்லவில்லை.