கவர்னர் எழுந்தால் கீதம்

செயின்ட் ஓரன் தீவின் கவர்னர் சர் பெரிக்ரின் ஆல்ட்விக், ஒரு பிரபுவின் இரண்டாவது மகன். மூத்தவனுக்கு மாளிகை, இளையவனுக்கு எங்காவது ஒரு காலனி என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். புயல், கரும்பு முதலாளிகளின் சண்டை எல்லாவற்றையும் சமாளித்துப் பெயர் வாங்கிய மனிதர்தான். ஆனால் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் பேச்சு எடுபடாது. அங்கே பதவி வரிசை வைத்ததுதான் சட்டம். வலப்பக்கம் தலைமை நீதிபதியின் மனைவி, இடப்பக்கம் பிஷப்பின் மனைவி. டாக்டரின் தங்கை ஹெஸ்டர் லாம்ப் மேசையின் கடைக்கோடியில்.

கவர்னருக்கு உயிரே அந்தக் கடைக்கோடியில்தான் இருந்தது. அவள் சிரிப்பு மட்டும் இங்கே வந்து சேரும். எதற்குச் சிரித்தாள் என்பது வராது. மூன்று வருடம் அப்படியே ஓடிவிட்டது. இன்று சாயங்காலக் கப்பலில் அவள் இங்கிலாந்துக்கே போகிறாள். இந்தப் பகல் விருந்தை விட்டால் வேறு வழியில்லை.

"டாலிவர், இன்னிக்கு ஒரு நாள் மிஸ் லாம்பை என் பக்கத்துல உட்கார வச்சிடேன்பா" என்று காலையிலேயே உதவியாளரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"ஜட்ஜ் வீட்டம்மா லண்டன் வரைக்கும் புகார் எழுதுவாங்க சார். அதுக்கு நீங்க என்னைச் சுட்டுடலாம்."

ஆட்டுக்கறி வந்தது, போனது. புட்டிங்கும் வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் கடைக்கோடிக்கே போய்விடலாம் என்று கவர்னர் எழுந்தார்.

கவர்னர் எழுந்தால் மன்னரை வாழ்த்தப் போகிறார் என்று அர்த்தம். வராந்தாவில் இருந்த பேண்டு உடனே கீதத்தை முழக்கியது. எல்லோரும் எழுந்து விறைத்து நின்றார்கள். கவர்னரும்தான், கீதம் ஒலிக்கும்போது அசைவதாவது! முடிந்ததும் மன்னர் பெயரைச் சொல்லி ஒரு மடக்குக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுபடி எழுந்தார். மறுபடியும் கீதம்.

"ரெண்டாந்தரமா? ராஜாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்று பிஷப்பின் மனைவி உதடு அசையாமல் கேட்டாள்.

"என் முட்டிக்குத்தான் சரியில்லை" என்றாள் நீதிபதியின் மனைவி.

மூன்றாம் முறை எழுந்தார். கீதம் தொடங்கியது. கவர்னர் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். தடுக்க ஆளில்லை, அத்தனை பேரும் விறைத்து நின்றார்கள், கண்கள் மட்டும் கூடவே போயின. டாலிவருக்கு வியர்த்துக் கொட்டியது. துடைக்கவும் முடியவில்லை.

"மிஸ் லாம்ப், போகாதீங்க. என்னைக் கட்டிக்கோங்க."

ஹெஸ்டர் வாயே திறக்கவில்லை. கீதத்தின் நடுவில் பேசக் கூடாதே! முடியட்டும் என்று கவர்னர் காத்திருந்தார். அவர் மன்னரை வாழ்த்தாமல் இன்னும் நிற்பதைப் பார்த்த பேண்டு மாஸ்டர், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கவர்னருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹெஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தாள். அத்தனை பெரிய மனிதர்களும் நிற்க, கீதமும் முழங்க, அவள் சாவகாசமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற சுங்க அதிகாரியின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க. நீங்க உட்கார்ந்தாத்தான் அவங்க நிறுத்துவாங்க."

கவர்னர் உட்கார்ந்தார். பேண்டு நின்றது.

"அண்ணா" என்று ஹெஸ்டர் எதிரே நின்ற டாக்டரைக் கூப்பிட்டாள், "கப்பல்லேர்ந்து என் பெட்டியை இறக்கச் சொல்லு."