குடுமி வைத்த எழுத்து

சித்தூர் ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று ஊரே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. ஜெயம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் மகள் சுலோசனா, புருஷன் வீட்டுக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள். "என் சாவுக்கு யாரும் காரணமில்லை" என்று தமிழில் ஒரு கடிதமும் கிடைத்தது. கொலை வழக்கில் கூண்டேறிய மருமகன் சிட்டிபாபுவோ கைநாட்டு. அவன் எழுதியிருக்க முடியாது, அவளே எழுதிவிட்டு விழுந்தாள் என்று அவன் வக்கீல் அடித்துப் பேசினார்.

ஜெயம்மா நம்புவாளா? கைநாட்டுக்கு எழுதிக் கொடுக்க ஆளா கிடைக்காது! எந்தப் பாவி எழுதினானோ அவன் கை அழுகிப் போகட்டும் என்று, வாய்தாவுக்கு வாய்தா வரதய்யபாளையத்திலிருந்து சாபம் விட்டுக்கொண்டே சித்தூர் வந்தாள். துணைக்கு மகன் எத்திராஜ். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். சிட்டிபாபுவின் தங்கைதான் அவன் மனைவி.

அன்று மெட்ராசிலிருந்து கையெழுத்து நிபுணர் வந்திருந்தார். சுலோசனாவின் பள்ளிக்கூட நோட்டையும் கடிதத்தையும் பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டிருந்தார்.

"இது அந்தப் பெண் எழுதியதல்ல. எழுத்துகளின் உச்சியில் சின்னச் சின்னக் கீற்று இருக்கிறது. தெலுங்கு எழுத்துக்குப் போடும் தலைக்கட்டு. முதலில் தெலுங்கு படித்து, பிறகு தமிழ் எழுதப் பழகியவரின் கை இது."

எத்திராஜ் திருப்பதியில் மாமன் வீட்டில் தங்கித் தெலுங்கில் படித்தவன். அவன் தமிழில் போடும் கடிதங்களைச் சுலோசனாதான் படித்துக் காட்டுவாள். "தம்பி எழுத்துக்கெல்லாம் குடுமி முளைச்சிக்கினு கீதும்மா" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஜெயம்மா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் எத்திராஜ் வலது கையைத் துண்டுக்குள் ஒளித்திருந்தான்.

"நீயாடா?"

"என் வூட்டுக்காரி கால்ல வுழுந்து அழுதாம்மா, அண்ணனைக் காப்பாத்துன்னு. அக்காதான் பூட்டாளே, இனிமே இன்னா பண்றது?"

இத்தனை நாளும் பெற்ற பிள்ளைக்கா சாபம் விட்டாள்! வாயை மூடிக்கொண்டால் இவனாவது மிஞ்சுவான். எழுதியது யாரென்று தெரியாவிட்டால் சிட்டிபாபுவும் கை வீசிக்கொண்டு வீடு போவான்.

சுருக்குப்பையைத் துழாவினாள். சுலோசனா கடைசியாகப் படித்துக் காட்டிய எத்திராஜின் கடிதம் அதில் இருந்தது. மகள் கை பட்டதென்று வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாமி, இதையும் அந்தக் கண்ணாடியில பாருங்க. என் புள்ள எழுதுனது."