மறுமுனைக்கு ஒரு வரி

அன்று மதியம் அந்த முன்னறையில் இருந்தவர்கள் நால்வர்: சர்வதேசத் தொலைத்தொடர்பு நிர்வாகி, அவர் மனைவி, மனைவியின் அண்ணன், கல்லூரியில் படிக்கும் மகள். ஐந்தாவதாக ஒருவர் இருந்ததாகச் சொல்பவர்கள், வாசலில் காத்திருந்த அரசாங்க வண்டியின் ஓட்டுநரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர் உள்ளே வரவில்லை.

வண்டி நிர்வாகியை விசாரணைக்கு அழைத்துப்போக வந்திருந்தது. கலவரம் மூண்ட அன்று, வெளிநாட்டு இணைப்புகள் அனைத்தையும் யாருக்கும் தெரியாமல் துண்டிக்கச் சொல்லி அமைச்சகம் உத்தரவிட்டது. அவரும் துண்டித்தார். அதற்கு முன், அயல்நாட்டு நிலையங்களுக்கு ஒரு வரி அனுப்பும்படி ஆபரேட்டர் பெண்ணிடம் சொன்னார்: 'மூடுகிறோம்.' மறுமுனைக்குச் சொல்லாமல் இணைப்பை மூடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் மரியாதை. அவரே ஆபரேட்டராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். பல நாட்டு அதிகாரிகள் அவர் பேச்சை நம்பி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டதும் அந்த மரியாதையால்தான். பழக்கதோஷத்தில் செய்துவிட்டார். மாலைக்குள் அந்த ஒரு வரி உலகச் செய்தியாகிவிட்டது. இப்போது அதற்குத் தேசத்துரோகம் என்று பெயர்.

"அந்தப் பொண்ணு தானா அனுப்பிட்டான்னு சொல்லிடுங்க மாப்ளே," என்றார் மனைவியின் அண்ணன். "சின்னப் பொண்ணு. நாலு திட்டு திட்டி விட்டுடுவாங்க."

"விடமாட்டாங்க. உள்ள தள்ளிடுவாங்க."

"அப்ப நீங்க போறீங்களாக்கும்? தங்கச்சி, உன் புருஷன் தியாகி ஆகப்போறாராம். சிலை வைக்க இடம் பாரு!"

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, நமக்கும் ஒரு பொண்ணு இருக்கால்ல?"

அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஆபரேட்டர்மேல் பழிபோடும் வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிப்பார்த்தார். தடங்கலில்லாமல் வந்துவிட்டது. இன்னொரு முறை சொல்ல வாய் திறந்தவர், கண்ணாடியைப் பார்க்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

ஷூவை மாட்டிக்கொண்டார். மகள் குனிந்து நாடாவைக் கட்டிவிட்டாள்.

"சாயந்தரம் வந்துடுவீங்கல்லப்பா?"

"கதவைச் சாத்திக்கோம்மா."

ஆபரேட்டரைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவர் வெளிநாட்டில் சொகுசாக இருக்கிறார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். அந்தப் பெண் மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் இன்னும் வீடு திரும்பவில்லை.