கம்பிகளுக்கு அடியில்

...மூன்றாவது கம்பி இன்னும் ஒரு மயிரிழை ஏற வேண்டும், ஏறட்டும், என்ன அவசரம், வானொலி நிலையத்திலிருந்து வந்த மெல்வின் இன்னும் அந்த ஒலிப்பதிவுப் பெட்டியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான், தேவாலயத்துக்குப் போட்டுப்போன வெள்ளைக் கவுனை நான் மாற்றக்கூட இல்லை, மாமர நிழலில் மடியில் கிட்டாரைக் கிடத்தி உட்கார்ந்திருக்கிறேன், இந்தத் தீவுகளில் மின்சார ஸ்டீல் கிட்டாரை முதலில் வாசித்தது யார் என்று எழுதப்போகிறார்களாம், அவன் தாளில் ஏற்கெனவே நான்கு ஆண்களின் பெயர்கள், எல்லாம் கடல் தாண்டிப் போய்ப் பேர் வாங்கியவர்கள், கபேகா மஹோயே என்ற என் பெயர் அதில் இல்லை. "அஞ்சாவதா இடம் விட்டிருக்கேன் ஆன்ட்டி, ஆனா வெறும் பேச்சை வச்சு எழுத முடியாது" என்கிறான். இடம் விட்டிருக்கிறானாம். என் கொழுந்தன் ஐகாகே விடவில்லை, "பேச்சா? என் மக முதல் பிறந்தநாள் விருந்துல வாசிச்சாங்க தம்பி, அவளுக்கு இப்ப இருபத்தெட்டு வயசு, கணக்குப் போட்டுக்க" என்றான், வாய் நிறைய மீன்.

அந்த விருந்தை நான் எப்படி மறப்பேன், அதற்கு முந்தைய நாள்வரை இவிலேயில் அன்னாசி ஆலையில் பத்து மணி நேரம் நின்று பழத்தின் கண் நோண்டியவள் நான், ரப்பர் கையுறைக்குள்ளும் சாறு இறங்கித் தோல் வெந்துவிடும், நகக்கண் எரியும், அந்த விரலால் கம்பியை ஓங்கிச் சுண்ட முடியுமா, மெல்லத் தொட்டால் இருநூறு பேர் சிரிக்கிற சத்தத்தில் என் வாசிப்பு எனக்கே கேட்காது... அதனால்தான் செய்தேன், வேறு எந்தப் பெரிய யோசனையும் இல்லை, தொட்டால் போதும், முழங்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் வீட்டுக்காரர் மோக்கே, கப்பலின் தந்தி அறையில் காதில் மாட்டிக் கேட்டுத் தேய்ந்ததும் கழித்துப் போட்ட காதுக்குழல் ஒன்றைக் கொண்டுவந்தார், அதன் மூடியையும் தகட்டையும் எறிந்துவிட்டு, காந்தத்தையும் அதன்மேல் சுற்றிய செப்புச் சுருளையும், கிட்டாரின் முதுகைக் குடைந்து கம்பிகளுக்கு நேர் அடியில் பொருத்தி, வயரை ரேடியோப் பெட்டிக்குள் விட்டேன். முதல் சுண்டலுக்கே பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலி தாண்டின. எழுதப் படிக்கத் தெரியாது அப்போது எனக்கு, படித்தவன் எவன் செய்தான்?

"பாருங்க தம்பி, வாசிச்சு முடிச்சதும் எங்க அண்ணி ஆறு கம்பியையும் தளர்த்திடுவாங்க. கட்டின புருஷனுக்கே சுருதியைக் காட்டல, உங்க பெட்டிக்கா காட்டப்போறாங்க?"

"நீ மீனைத் தின்னுட்டு முள்ளை ஒழுங்காப் போடு, ஐகாகே."

ஆனால் அவன் சொல்வது உண்மை, எங்கள் குடும்பத்தில் அப்படித்தான், எந்தக் கம்பியை எவ்வளவு ஏற்றுவது என்கிற அந்தச் சுருதி குடும்பச் சொத்து, கிட்டாரைக் கீழே வைக்கும் முன் தளர்த்திவிட வேண்டும், ஒருவன் எடுத்து மீட்டினால் ஒன்றும் கிடைக்கக் கூடாது. அந்த விருந்துக்கு அடுத்த மாதம் வைக்கோல் தொப்பி போட்ட ஒருவன், ஏதோ வாத்தியக் கம்பெனி ஆள், கேள்விப்பட்டுத் தேடி வந்தான், மூன்று பாட்டு வாசித்தேன், வாயைப் பிளந்துவிட்டான், கொஞ்சம் கொடுங்கள் என்று கை நீட்டினான், நான் சாவகாசமாக ஆறு கம்பியையும் தளர்த்திவிட்டுக் கொடுத்தேன், அவன் மீட்டினால் ஈரத் துணிக்கொடியைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம். "வெறுங்கையோட போறான் பாருடி" என்று மோக்கே சாகும்வரை சொல்லிச் சிரித்தார், எந்த விருந்திலும் அந்தக் கதை இல்லாமல் இலை எடுக்க மாட்டார்கள், நான் இல்லாத இடத்திலும் சொல்வார்களாம். பிறகு ஒன்றிரண்டு வருஷத்தில் மின்சார கிட்டார்கள் கப்பலில் வந்து இறங்கின, இறங்கட்டுமே, என் சுருதி அதில் எதிலும் இல்லை, இன்றுவரை எவனிடமும் இல்லை.

மெல்வின் கை காட்டினான், எஃகுத் துண்டைக் கம்பிமேல் சறுக்கவிட்டேன், வெந்து காய்ந்த இந்த விரல் சும்மா தொட்டது, மாமரமே வாங்கிக்கொண்டு திருப்பிப் பாடியது போல... ஐகாகே மெல்லுவதை நிறுத்தினான். முடிந்ததும் என் கை தானாக முறுக்காணிக்குப் போனது, ஒன்று, இரண்டு, ஆறும் தளர்ந்தன, ஐகாகே தொடையில் தட்டிச் சிரித்தான், ஆனால் மெல்வின் அதைப் பார்க்கவே இல்லை. "சுருதி எனக்கு வேணாம் ஆன்ட்டி. கொஞ்சம் கவுத்துக் காட்டுங்க, அடியில என்ன இருக்கு?" கவிழ்த்தேன். குனிந்து, அந்தச் சுருளையும் காந்தத்தையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு, "இது போதும்" என்று, ஐந்தாவது இடத்தில் இல்லை, நான்கு பேருக்கும் மேலே என் பெயரை எழுதினான், நானே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன், தப்பில்லாமல் எழுதியிருந்தான்.

மேலே. நான் சிரித்திருக்க வேண்டும்... ஆனால் அவன் குனிந்த விதம், அதே மாதிரி ஒரு முதுகை நான் முன்பே பார்த்திருக்கிறேன், தளர்ந்த கம்பியை ஒரே ஒரு தரம் மீட்டிவிட்டு அந்தத் தொப்பிக்காரனும் கவிழ்த்தான், எத்தனை சுற்று, காந்தத்தின் எந்த முனை மேலே என்று கேட்டான், அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி, பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை, திருகாணியைக்கூட நானே கழற்றிக் காட்டினேன், அவன் ஒரு சின்ன நோட்டில் படம் போட்டுக்கொண்டான், படம்தானே என்று விட்டேன், காபி வேறு கொடுத்தேன். தெருவில் ஏதோ ஒரு வீட்டு ரேடியோவில் ஸ்டீல் கிட்டார் கேட்கிறது, எந்தக் கம்பெனி கிட்டாரோ, அதன் கம்பிக்கு அடியிலும் காந்தமும் சுருளும்தான் இருக்கும், யாரோ ஒரு பையன், மெல்லத்தான் தொடுகிறான், அப்படி முழங்குகிறது... எனக்குக் கோபம் வர வேண்டும், வரும் என்றுதான் காத்திருக்கிறேன், ஐகாகே "என்ன அண்ணி, ஏன் பேசல" என்கிறான், கொஞ்சம் சும்மா இருடா, கேட்கவிடு.