கேட்காமல் விட்ட வருஷம்

செத்த பிறகும் பூவராகவன் அடங்குகிற வழியாயில்லை. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ரோசம்மாள் துணிக்கிழிசலால் கட்டக் கட்ட, முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். இறுக்கியதும், வலிக்குமோ என்று கொஞ்சம் தளர்த்தினாள்.

காலையில் மண்வெட்டியோடு வரப்பில் நின்ற புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேச அவகாசமில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இருபத்திரண்டு வருஷம் காத்துக் கிடந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், சாகக் கிடந்த மகள் பிழைத்து எழுந்ததும், எல்லம்மா ஞானஸ்நானம் வாங்கி ரோசம்மாள் ஆனாள். பூவராகவன் தடுக்கவில்லை. ஞாயிறுதோறும் சைக்கிளில் வைத்து மிதித்துக் கடம்பத்தூர் சர்ச் வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே மட்டும் வரமாட்டார். "ஒன் சாமி நல்ல மன்சன்தான் எல்லம்மா. எனக்குத்தான் நம்பிக்க வர்ல, இன்னா பண்ணச் சொல்ற" என்பார். கடைசிவரை அவருக்கு அவள் எல்லம்மாதான்.

சேர்ந்த முதல் வருஷமே உபதேசியார் காய்க்காத அத்திமரத்தின் கதையைச் சொன்னார். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வெட்டிப் போடச் சொல்கிறார். இன்னும் ஒரு வருஷம் விட்டுவையுங்கள், கொத்தி எருப் போட்டுப் பார்க்கிறேன் என்று வேலைக்காரன் கெஞ்சுகிறான். பயிர் வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது வெறும் கதையாகப் படவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் முழங்காலில் நின்று, புருஷனுக்கு ஒரு வருஷம் கெடு கேட்டு வாங்கி வந்தாள். கர்த்தரும் கொடுத்துக்கொண்டே வந்தார்.

இந்த வருஷம் அவள் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு தேடி வந்த உபதேசியாரிடம் முகங்கொடுத்துப் பேசாமல் பூவராகவன் மடை திருப்பப் போய்விட்டார். அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புத்தாண்டன்று அவர் பெயர் வாய்வரை வந்தது. போதும், எக்கேடோ கெடட்டும் என்று விழுங்கிவிட்டு எழுந்தாள். அது நடந்து முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கொழுந்தன் பச்சையப்பன் வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் முறைப்படியே எரித்துவிடலாமா அண்ணி என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். தலையாட்டினாள். சபைக் கல்லறையில் அவருக்கு இடமில்லை என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

சேதி கேட்டு உபதேசியார் வந்தார். சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு அவளருகே உட்கார்ந்தார்.

"கடைசி நேரத்துல எதனா சொன்னாராம்மா?"

இல்லையென்று தலையசைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், புத்தாண்டன்று கேட்காமல் விட்டதைச் சொன்னாள். நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன் என்றாள்.

உபதேசியார் பதறிப்போனார். "அப்டிலாம் நெனைக்கக் கூடாதும்மா. நீ கேட்டுத்தான் ஆண்டவர் பொறுத்துக்கினு இருந்தாரா? அவரா பொறுத்துக்கினாரு."

ரோசம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ இப்ப அவரேதான் போதும்னுட்டாரா ஐயா?"

உபதேசியார் மடியிலிருந்த வேதப்புத்தகத்தைத் திறந்தார். நாலைந்து பக்கம் தள்ளினார். எங்கேயும் நிற்காமல் மூடிவிட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வோணாங்க ஐயா. நான் கேக்காததாலதான் போனாருன்னே இருக்கட்டும். ஆண்டவர் மேல பழி போட எனக்கு மனசு வர்ல."

பாடையைத் தூக்கினார்கள். மேளம் முன்னே போயிற்று. தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள், ரோசம்மாளும் நின்றாள்.

ஞானஸ்நானம் வாங்காதவருக்கு அடக்க ஜெபம் செய்ய உபதேசியாருக்கு அனுமதியில்லை. அவர் சைக்கிளை எடுக்க வேலியோரம் போனார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, வேதப்புத்தகத்தை அக்குளில் இடுக்கியபடி, கூட்டத்தின் கடைசி ஆளாகச் சுடுகாட்டுப் பாதையில் நடந்தார்.