பதினோரு நிமிடம் இல்லாதவர்

உமாநாத் ஷெணாய் தினமும் காலை பதினொன்று பதினாலிலிருந்து பதினொன்று இருபத்தைந்து வரை இந்த உலகத்தில் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை, பண்டிகைக்கும் இல்லை. ஆள்தான் போவார், உடை போகாது. சட்டை அப்படியே காலர் நிமிர்ந்து, கைகளை மேசைமேல் வைத்தபடி, உள்ளே ஒன்றுமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். மூக்குக் கண்ணாடி மட்டும் பிடிப்பில்லாமல் கீழே விழுந்துவிடும் என்பதால் பதினொன்று பத்துக்கே அதைக் கழற்றி வைத்துவிடுவார். நேரம் முடிந்ததும் சட்டைக்குள் ஆள் வந்துவிடுவார். தலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். மங்களூரில் இதைப் பார்த்து அலறியவர்கள் எல்லாம் முதல் வாரத்தோடு அலுத்துப்போனார்கள். முடிவெட்டுகிறவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் செய்தித்தாள் படிப்பார். பஸ்ஸில் பக்கத்து ஆள் காலியான சட்டைமேல் பையை வைக்காமல் பார்த்துக்கொள்வார். மேலாளர் டென்சில் லோபோ வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு, "நாள் கணக்குல பார்த்தா நீ முழு நாளும் இருந்த மாதிரிதானே மாராயா, கவலைய விடு!" என்று முதுகில் தட்டினார். அந்த வார்த்தை ஷெணாயை எங்கே சுட்டது என்பது டென்சிலுக்குத் தெரியாது.

ஷெணாய் வேலை பார்த்தது கத்ரிக் குன்றின் மேல் இருந்த ஒரு சின்ன நிறுவனத்தில். வானிலை எச்சரிக்கைகளை வாங்கி எங்கள் துறைமுகத்து வயர்லெஸ் அறைக்கு அனுப்பும் சர்வர்கள் அங்கேதான் இருந்தன. அந்த சர்வர்களுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பது ஷெணாயின் வேலை. பதினைந்து நொடிக்கு ஒரு முறை அளவெடுக்கும் மென்பொருள் இருந்தது. ஆனால் பதினைந்து நாளுக்கு மேல் அது எதையும் வைத்துக்கொள்ளாது, அழித்துவிடும். அளவீடுகளை வெளியே வேறொரு டேட்டாபேஸுக்கு அனுப்பிப் பல வருடம் பத்திரமாக வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. பழையதை மொத்தமாக அனுப்பும்போது சர்வர் திணறும், ஆகவே வேலை இல்லாத வேளை பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும். இது அந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். ஷெணாய்க்கு வெள்ளிக்கிழமை அக்கா மகளின் நிச்சயதார்த்தம். வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று செப்டம்பர் மாத வியாழக்கிழமை ஒன்றில் பட்டப்பகலில் அனுப்பும் கட்டளையைத் தட்டிவிட்டு, கேண்டீனில் சூடாகப் போட்டிருந்த கோளி பஜே என்ற மைதா போண்டா தின்னக் கீழே இறங்கினார். சர்வர் தன் பழைய கணக்கையெல்லாம் சுமக்க மாட்டாமல் பதினொன்று பதினாலுக்கு உறைந்து, பதினொன்று இருபத்தைந்துக்கு உயிர் பெற்றது. அவர் இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினோரு நிமிடத்துக்குள்தான் சூறைக்காற்று எச்சரிக்கை வந்து சிக்கிக்கொண்டது. துறைமுகத்து வயர்லெஸ் அறையில் ஜலஜாக்ஷி கர்கேரா இருந்தார். எச்சரிக்கை வந்தால் அதைப் படகுகளுக்குப் படித்துச் சொல்வது அவர் வேலை, பதினெட்டு வருடமாகச் செய்துவந்தார். அன்று ஐஸ் ஏற்றத் தாமதமான ஒரு படகு பதினொன்று இருபதுக்கு ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டியது. ஜலஜாக்ஷிக்கு எச்சரிக்கை கிடைத்தபோது படகு திரும்ப முடியாத இடத்தில் இருந்தது. ஐந்து பேரில் நான்கு பேர் நீந்தி வந்தார்கள். வராதவன் யோகீஷ், இருபத்தாறு வயது, ஜலஜாக்ஷியின் கணவர் தினகருடைய ஒரே தம்பி.

படகுக்காரர் சங்கம் விசாரணை வைத்தது. ஜலஜாக்ஷி தெளிவாகத்தான் சொன்னார். மல்பெ துறைமுகத்துக்கு வேறு வழியாகப் போன அதே எச்சரிக்கை பதினொன்று பதினாலுக்குப் போயிருக்கிறது, எனக்குப் பதினோரு நிமிடம் கழித்து வந்தது என்றார். சர்வர் பழுதாக இருந்ததா என்று நிறுவனத்திடம் கேட்டார்கள். அது பதினாலாவது நாள். நுணுக்கமான அளவீடுகள் அழிய இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. ஷெணாய் அவற்றை அப்படியே வெளி டேட்டாபேஸில் சேர்த்திருக்கலாம். அவர் மணிக்கு ஒரு சராசரியாகச் சேர்த்துப் பார்த்தார். அந்த வியாழக்கிழமையில் கோடு ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாள் கணக்குச் சராசரியாக மாற்றினார். பள்ளம் போய்விட்டது. ஒரு பொய் எண்ணைக்கூட அவர் எழுதவில்லை, கூட்டி வகுத்தார், அவ்வளவுதான். மறுநாள் மற்றதெல்லாம் தானாக அழிந்தது. சங்கத்துக்கு வந்த தாளில் கோடு நேராக இருந்தது.

நாங்கள் அந்தக் கோட்டை நம்பினோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, என்றாலும் சொல்லாமல் விட முடியாது. பதினெட்டு வருடம் எங்கள் வீட்டு ஆண்களைக் கரைக்குக் கூப்பிட்ட குரலைவிட ஒரு தாளில் இருந்த கோடு எங்களுக்குப் பெரிதாகிவிட்டது. "தூங்கிட்டா" என்று ஒருவர் சொன்னார், ஊரே சொன்னது, நானும் சொன்னேன். ஜலஜாக்ஷியின் வேலை போயிற்று. மீன் ஏலத்தில் அவருக்கு இடம்விட்டு விலகி நின்றோம். தினகர் அதே வீட்டில் இருந்துகொண்டு மூன்று வருடம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டை அவர் கையிலிருந்து வாங்கவுமில்லை.

தாளை அனுப்பிய மறுநாள்தான் ஷெணாய் முதன்முதலாக இல்லாமல் போனார். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டதற்குத் தெரியாது என்றார். அதுதான் அவர் வாயால் சொன்ன ஒரே பொய். அலுத்துப்போனதை யாரும் பேசுவதில்லை என்பதால், காலியான சட்டையைப் பற்றிய செய்தி குன்றிலிருந்து இறங்கித் துறைமுகத்துக்கு வர மூன்று வருடம் ஆனது. வெள்ளரிக்காய் விற்பவள் ஜலஜாக்ஷியின் வாசலில் வைத்து, பதினொன்று பதினாலு என்று நேரத்தையும் சேர்த்துச் சொன்னாள். ஜலஜாக்ஷி மறுநாள் பத்தே முக்காலுக்கு ஷெணாயின் அறைக்குப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சட்டை காலியானதைப் பார்த்தார். நிறைந்ததையும் பார்த்தார்.

"சட்டைக்குள்ள வந்தாச்சா சார்? நான்தான் தூங்கினவ. வயர்லெஸ் ஜலஜாக்ஷி."

ஷெணாய் முகத்திலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. கோளி பஜேயிலிருந்து பள்ளம் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்மா, எங்க வேணும்னாலும் குடுங்க" என்றார்.

"யாரு நம்புவா? உங்க கோடு நேரா இருக்கே. பைத்தியம் பிடிச்சு எழுதினான்னு உங்க ஆளுங்களே சொல்லுவாங்க."

"அழிஞ்சு போச்சேம்மா. வேற எங்கயும் இல்ல. நான் செத்தாலும்..."

"நீங்க சாகறதுக்காக நான் பஸ் ஏறி வரல. ஞாயித்துக்கிழமை சங்கத்துக்கு வந்து உட்காருங்க. பேசக்கூட வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடம் நிறைந்திருந்தது. ஷெணாய் நடுவில் உட்கார்ந்து, செய்ததைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பதினொன்று பதினாலுக்குக் கண்ணாடி தரையில் விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதல் நிமிடம் சிரித்தார்கள். மூன்றாவது நிமிடம் சத்தம் அடங்கியது. ஆறாவது நிமிடத்தில் அந்தப் படகை ஓட்டிய தண்டேல் எழுந்து, "ஆறு நிமிஷத்துல நான் திருப்பியிருப்பேனே" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மீதி ஐந்து நிமிடம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். தலை குனிந்தபடி எத்தனை பேருடைய கால்விரல்களை எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. சட்டைக்குள் ஆள் நனைந்து திரும்பியபோது தினகர் அழுதுகொண்டே மனைவி பக்கம் போனார்.

"தள்ளி நில்லுங்க. மூணு வருஷம் நின்னீங்கல்ல, அங்கேயே" என்றார் ஜலஜாக்ஷி.

வயர்லெஸ் வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஷெணாயை நிறுவனம் நீக்கியது. யோகீஷின் சாவுக்காக நிறுவனத்தின்மேல் வழக்கு நடக்கிறது, ஆவணம் எங்கே என்று அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம் சங்கம் அவரை அழைத்துப் போய் உட்கார வைக்கிறது. மற்ற நாட்களில் அவராகவே வந்து வயர்லெஸ் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். மத்தி வாங்க வருகிறவர்கள் சட்டையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஐந்து மாதம் ஜலஜாக்ஷி அவரோடு பேசவில்லை. ஒரு நாள் நனைந்து திரும்பியவரிடம் வாசலில் நின்று கேட்டார்.

"யோகீஷ் இருக்கானா அங்க?"

"இருக்காரும்மா. நீந்திக்கிட்டே இருக்காரு. நானும் கரையிலேர்ந்து அவரைப் பார்த்து நீந்தறேன். பாதி தூரம் போறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது."

மறுநாள், தூரம் குறையட்டும் என்று நாற்காலியை ஜலஜாக்ஷியே தூக்கிப்போய்ப் படகுத்துறையின் கடைசிக் கல்லில் போட்டார். ஒரு வாரம் கழித்து அது தினகரின் படகில் ஏறியது. இப்போது தினமும் தினகர் முகத்துவாரத்தில் பதினொன்று பதினாலுக்கு இன்ஜினை அணைக்கிறார். மற்ற படகுகள் அந்த நேரம் ஒதுங்கிப் போகின்றன. நாற்காலியில் சட்டை உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் தினகர் ஒரு துண்டோடு நிற்பார். பதினொன்று இருபத்தைந்துக்கு வயர்லெஸ்ஸில் ஜலஜாக்ஷியின் குரல் வரும், எல்லாப் படகிலும் கேட்கும்.

"இன்னைக்கு எவ்வளவு தூரம்?"

நேற்று ஷெணாயைக் கேட்டுவிட்டு, இன்னும் நான்கு கை தூரம்தான் பாக்கி என்று தினகர் பதில் சொன்னார்.